வெள்ளியங்கிரி வெளியேறினார்

கம்பெனி பஸ்ஸிலிருந்து நான்கு வெள்ளியங்கிரிகள் இறங்கிய செவ்வாய்க்கிழமை காலையில் யாரும் கூச்சல் போடவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. டிரைவர் மட்டும், ஒரு ஆளுக்கு ஒரு சீட் என்றுதான் தனக்குச் சொல்லியிருக்கிறார்கள், நாலு பேராக வருவதென்றால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்று முனகிவிட்டு வண்டியை நிழலில் கொண்டுபோய் நிறுத்தினார். நால்வருக்கும் அதே ஐம்பத்திரண்டு வயது, அதே நரைத்த மீசை, அதே சாம்பல் நிறச் சட்டை, பையில் அதே சிவப்புப் பேனா. நால்வரும் வாட்ச்மேனுக்கு வணக்கம் சொன்னார்கள், நால்வரும் கைரேகை இயந்திரத்தில் கட்டை விரலை வைத்தார்கள். முதலாமவரை அது ஏற்றுக்கொண்டது, மற்ற மூவரிடமும் 'ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று மூன்று முறை சொன்னது. அதற்கும் தலையாட்டிவிட்டு நால்வரும் டெஸ்பாட்ச் பக்கம் நடந்து போனார்கள்.

வீட்டிலும் இப்படித்தான் இருந்ததாம். காலையில் எழுந்து வந்து, குழாயடியில் நான்கு பேர் வரிசையாகப் பல் விளக்குவதைப் பார்த்த அவர் மனைவி சாரதாள், தோசை மாவில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி நீட்டிவிட்டு, "சீக்கிரம் கிளம்புங்க, பஸ்ஸு போயிரும்" என்று மட்டும் சொன்னாராம்.

இதற்குக் காரணம் யார் என்று கேட்டால் நான்தான். என் பெயர் வசந்தாமணி. கோயம்புத்தூரிலிருந்து சத்தி ரோட்டில் போனால் வரும் அந்தப் பம்பு கம்பெனியில், ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். லீவு லெட்டர் வாங்குவது, யூனிஃபார்ம் அளவு எடுப்பது, ஆயுத பூஜைக்குப் பொரி பங்கு போடுவது என்று நிம்மதியாகத்தான் இருந்தேன், அந்த நான்கு நிறங்களும் வந்து சேரும்வரை.

முதலில் பச்சை நிறச் செயலி வந்தது. அதை யாரும் கொண்டுவரவில்லை, மழைக்குப் பிறகு முளைக்கிற பார்த்தீனியம் மாதிரி தானாகவே எல்லார் போனிலும் பரவிக் கிடந்தது, அதில் காலை வணக்கமும் சாவுச் செய்தியும் லோடு விவரமும் கலந்து வந்தன. பிறகு முதலாளியின் மூத்த மகன் மும்பையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்து நீலத்தைக் கொண்டுவந்தார், அதில் முகம் பார்த்து மீட்டிங் பேசலாம், ஃபைல் அனுப்பலாம், அரட்டையும் அடிக்கலாம். பிறகு கனடாவிலிருந்து திரும்பிய மகள் ஊதாவைக் கொண்டுவந்தார், அதில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒவ்வொரு அறை, அந்த அறைகளில் அரட்டை அடிக்கலாம், ஃபைல் அனுப்பலாம், முகம் பார்த்தும் பேசலாம். மருமகன் சும்மா இருப்பாரா, அவர் மஞ்சளைக் கொண்டுவந்தார், அதில் வேலைகளைச் சீட்டு சீட்டாக எழுதி இடமிருந்து வலமாக நகர்த்தலாம், நகர்த்தாத நேரத்தில் அரட்டை அடிக்கலாம், ஃபைல் அனுப்பலாம், முகம் பார்க்கலாம். ஆக, எல்லாவற்றிலும் எல்லாம் செய்யலாம் என்பதால் எதில் எதைச் செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

முதலாளியை நாங்கள் பெரியவர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, எதுல எதைப் போடோணும்னு ஒரு சார்ட்டுப் போட்டு எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்துரு. ஆனா ஒண்ணு, ஊட்ல யாரு மனசும் நோகப்படாது."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சனி பிடித்தது. மூத்தவர் மனம் நோகக்கூடாது என்றால் நீலத்துக்கு வேலை வேண்டும், மகள் மனம் நோகக்கூடாது என்றால் ஊதாவுக்கு வேண்டும், மருமகன் மனமோ தொட்டாலே நோகும். சனிக்கிழமை தோறும் கேன்டீனில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டு வகுப்பு எடுத்தேன். அவசரம் என்றால் பச்சை, மீட்டிங் என்றால் நீலம், ஒரு விஷயத்தைப் பற்றி நீண்ட பேச்சு என்றால் ஊதா, செய்து முடிக்க வேண்டியது என்றால் மஞ்சள். எனக்கே பெருமையாக இருந்தது, பர்ச்சேஸ் நடராஜ் கையைத் தூக்கும்வரை.

"ஏனுங்க மேடம், தீப்பிடிச்சா பச்சைங்க. சரி. தீப்பிடிச்சதைப் பத்தி மீட்டிங் போட்டா?"

"நீலம்."

"மீட்டிங் நடக்கறப்பவே தீப்பிடிச்சா?"

"எந்திரிச்சு ஓடுங்க."

"ஓடறதுங்கறது செஞ்சு முடிக்க வேண்டிய வேலை தானுங்களே. அதை மஞ்சள்ல போட்டுட்டு ஓடறதா, ஓடிட்டு வந்து போடறதா?"

கேன்டீன் முழுக்க யோசனையில் ஆழ்ந்தது. கிண்டலுக்குக் கேட்டவரும் கிண்டலை மறந்து யோசித்தார். எனக்கு மண்டை காய்ந்தது, சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டின் அடியில், ஸ்கெட்ச் பேனாவால், அந்த வரியை எழுதினேன்: சந்தேகம் இருந்தால் நான்கிலும் போடவும்.

வெள்ளியங்கிரிக்கு எப்போதும் சந்தேகம் இருக்கும். டெஸ்பாட்ச் சூப்பர்வைசராக இருபத்தேழு வருஷம் வேலை பார்த்து, ஒரு மனிதரைக்கூட முகம் சுளிக்க வைத்ததில்லை. 'எதுக்கும் இருக்கட்டும்' என்பது அவருடைய மந்திரம், எதுக்கும் இருக்கட்டுமென்று குடையை வெயிலிலும் எடுத்து வருவார், எதுக்கும் இருக்கட்டுமென்று ஒரு செய்தியை நான்கிலும் போட்டுவிட்டு, போன் வேலை செய்யாமல் இருந்தால் என்ன ஆவது என்று நேரில் வந்தும், "நாலுலயும் போட்டிருக்கனுங்க, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். சொன்ன சொல்லை மட்டும் அவர் தவறவிட்டதே கிடையாது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், 'நாளை காலை ஏழு மணிக்கு ராஜ்கோட் லோடு ஏற்ற வந்துவிடுவேன்' என்று நான்கிலும் போட்டார். நான்கில் சொன்ன சொல் என்பதால், செவ்வாய்க்கிழமை நான்கு பேராக வந்தார்.

நாங்கள் பழகிக்கொண்டோம். வேறென்ன செய்ய முடியும், உற்பத்தி நிற்குமா? சாரதாள் நான்கு சட்டைகளின் காலரிலும் ஆளுக்கொரு நிறத்தில் நூல் போட்டு அனுப்பினார், அதை வைத்து அடையாளம் கண்டோம். கேன்டீன்காரர் இரண்டே நாளில் நால்வரின் சாப்பாட்டு முறையையும் மனப்பாடம் செய்துவிட்டார். பச்சை வெள்ளியங்கிரி தன் வடையைப் பிய்த்துப் பெஞ்சு முழுக்க விநியோகம் செய்து, யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் காய்ச்சல் என்று விசாரித்துவிட்டு, தான் சாப்பிட மறந்துவிடுவார். நீலம், "எல்லாரும் வந்தாச்சுங்களா? நான் பேசறது கேக்குதுங்களா?" என்று கேட்டு, கடைசி ஆள் வரும்வரை காத்திருந்து ஆறிப்போன சோற்றைத் தின்பார். ஊதாவுக்குக் குழம்பு ஒரு தட்டு, ரசம் ஒரு தட்டு, பொரியல் ஒரு தட்டு, ஒன்றோடு ஒன்று கலந்தால் அவருக்கு ஆகாது. மஞ்சள், கிண்ணங்களை இடப்பக்கம் அடுக்கி வைத்து, தின்று முடித்ததை வலப்பக்கம் நகர்த்தி, கடைசிக் கிண்ணம் வலப்பக்கம் போனதும்தான் ஏப்பம் விடுவார்.

இரண்டாவது வாரத்தில் பர்ச்சேஸ் நடராஜும் இரண்டாகிவிட்டார், ஊதாவில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்படியெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ராஜ்கோட்டிலிருந்து போன் வந்தது. லாரி வந்துவிட்டது, தார்ப்பாயை அழகாகக் கட்டியிருக்கிறீர்கள், சந்தோஷம், ஆனால் உள்ளே ஒரு பம்பும் இல்லை என்றார்கள். விசாரித்துப் பார்த்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான்கு வெள்ளியங்கிரிகளும் லாரியின் நான்கு பக்கமும் நின்றிருக்கிறார்கள், மற்ற மூன்று பேர் ஏற்றியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள், நினைத்துவிட்டு நால்வருமாகச் சேர்ந்து காலி லாரிக்குத் தார்ப்பாய் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு வாஷர்கூடக் குறையாமல் அனுப்பிய மனிதர். நால்வரும் பெரியவர் முன்னால் தலை குனிந்து நின்றதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

பெரியவர் ஓட்டெடுப்பு நடத்தச் சொன்னார். நான்கு நிறத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம், எது வேண்டுமோ அதை டிக் அடியுங்கள் என்று இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுக் கொடுத்தேன். நூற்றுத் தொண்ணூற்றேழு சீட்டில் நான்கிலும் டிக் இருந்தது. மீதிச் சீட்டில், 'பெரியவர் சொல்றதுங்க' என்று எழுதியிருந்தது. இதைப் படித்த மருமகன், ஆட்கள் நான்கையும் விரும்புகிறார்கள் என்று கண்டுபிடித்து, நான்கையும் ஒன்றாகச் சேர்க்கிற ஐந்தாவது ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். அதன் நிறம் வெள்ளை, வருகிற திங்கட்கிழமை வரும் என்றார்கள். கேன்டீன்காரர் ஐந்தாவது தட்டைக் கழுவி வைத்தார், சாரதாள் வெள்ளை நூல் ஒரு கண்டு வாங்கினார்.

வேண்டாததிலிருந்து விலகிவிட்டால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் கம்பெனியில் அது நடக்காது. விலகினால், இன்னார் வெளியேறினார் என்று எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு வரி வரும், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிற மாதிரி, கூப்பிட்டவர் முகத்தில் எப்படி விழிப்பது? ஃபவுண்டரி கருப்பசாமியின் புதுமனை புகுவிழாவுக்காக மூன்று வருஷம் முன்பு பச்சையில் ஆரம்பித்த குழுவில் இன்னும் நூற்று நாற்பது பேர் இருக்கிறோம். அந்த வீட்டை அவர் விற்றே விட்டார்.

போதாக்குறைக்கு நடராஜ் விஷயம் வேறு நடந்துவிட்டது. மருமகன் மஞ்சளில் ஆட்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தார், அதில் நடராஜ் பெயரும் போயிற்று. அன்று மதியம், எங்கள் கண்ணெதிரே, ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்த மஞ்சள் நடராஜ் இல்லாமல் போனார். பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது. சோற்றை வீணாக்கக் கூடாதென்று ஊதா நடராஜ் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டு முடித்தார். இன்னொருத்தர் இருந்தாரே, அதுவரைக்கும் நல்லது என்று சொல்லிக்கொண்டு கை கழுவப் போனோம். ஆனால் அன்றிலிருந்து எல்லாருக்கும் உள்ளுக்குள் பயம். தான் எந்த நிறத்தில் இருக்கிறோம் என்று யாருக்குத் தெரியும், தெரியாமல் அதிலிருந்தே விலகிவிட்டால்?

அந்த வாரத்தில்தான் கௌசிகா என்னைத் தேடி வந்தாள். வெள்ளியங்கிரியின் ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதே பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டராக இருக்கிற குன்னூர்ப் பையன் ஆல்வினைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது எனக்கு முன்பே தெரியும். சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டி, நாள் முடிந்து, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கையெழுத்து. அவள் தாய்மாமன் பொன்னுசாமி, சூலூரில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர், சொந்தத்தில் ஒரு குஞ்சுகூட அந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் பேச்சை எதிர்த்து அந்தக் குடும்பத்தில் யாரும் தும்மியது கிடையாது. சாரதாள் மகளிடம், "அப்பா வந்தா நானும் வருவேன், இல்லீன்னா எப்படிக் கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

"அப்பாகிட்டக் கேட்டனுங்க மேடம். வருவீங்களா, மாட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு."

"என்ன சொன்னாரு?"

"எந்த அப்பா?" என்றாள் கௌசிகா, சிரிக்காமல்.

பச்சை அப்பா அவள் தலையைத் தடவி, கண் கலங்கி, நல்லா இரு சாமி என்று இரண்டு கையையும் கூப்பினாராம், வருகிறேன் என்று சொல்லவில்லை. நீல அப்பா, அன்று பதினோரு மணிக்கு வேறு மீட்டிங் இருக்கிறது, நடுவில் சேர முடிகிறதா பார்க்கிறேன் என்றாராம். ஊதா அப்பா, அது கல்யாண விஷயம், இது சாப்பாட்டு நேரம், அதற்கென்று தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவோம் என்றாராம். மஞ்சள் அப்பா ஒரு சீட்டில் 'கௌசிகா கல்யாணம், வெள்ளி, 11' என்று எழுதி, செய்ய வேண்டியவை பக்கத்தில் குத்தி வைத்தாராம், மூன்று வாரமாக அது அங்கேயே இருக்கிறதாம். மாமன் கேட்டபோதும் நால்வரும் இதேபோல எதையோ சொல்லியிருக்கிறார்கள், வரமாட்டான் என்று மாமன் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"ராஜ்கோட் லாரியைப் பத்திக் கேள்விப்பட்டனுங்க" என்றாள். "அன்னிக்கிருந்து எனக்குத் தூக்கமில்ல. வெள்ளிக்கிழமை நாலு பேரும், மத்த மூணு பேர்ல ஒருத்தன் போயிருப்பான்னு நெனச்சுட்டு உக்காந்திருப்பாங்க. அப்பா இல்லாமப் பண்ணிக்கலாம்னு சட்டம் சொல்லுது. என்னாலதான் முடியாதுங்க."

மூன்று சாட்சிகள் வேண்டும், ஒன்று ஆல்வினின் நண்பன், ஒன்று நீங்கள், ஒன்று அப்பா என்று சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சரி என்றேன். சொல்லிவிட்டு, வியாழக்கிழமை மதியம் நான்கு பேரையும் காலியாக இருந்த கேன்டீனுக்குக் கூப்பிட்டேன்.

நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், எதிரே கௌசிகா. எந்த முகத்தைப் பார்த்துப் பேசுவதென்று தெரியாமல் அவள் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பெற்ற தகப்பன் நான்காக இருந்தும், கையைப் பிடித்துக் கேட்க ஒரு கை இல்லை.

"அண்ணா," என்றேன் பொதுவாக. "நாளைக்கு யாரு போறீங்க?"

"இவிய போறாங்கன்னு நெனச்சனுங்க" என்று பச்சை நீலத்தைக் காட்டினார். நீலம் ஊதாவைக் காட்டினார், ஊதா மஞ்சளைக் காட்டினார், மஞ்சள் பச்சையைக் காட்டினார்.

"நாலு பேரும் வேண்டாங்கண்ணா. மூணுலருந்து வெலகிருங்க. ஒருத்தரா இருங்க. பொண்ணுக்குப் பதில் சொல்லுங்க."

பெஞ்சு அப்படியே விறைத்துப்போயிற்று. மூத்தவர் கொண்டுவந்ததிலிருந்து எப்படி வெளியேறுவது என்றார் நீலம், முதலாளி மகள் என்ன நினைப்பார் என்றார் ஊதா, முதலாளி மருமகன் ஏற்கெனவே கோபக்காரர் என்றார் மஞ்சள். பச்சைதான் மெதுவாகச் சொன்னார்: "வெலகலாமுங்க மேடம். நடராஜ் கணக்கா ஆயிட்டா? இந்த நாலுல எதுல நான் இருக்கறன்னு எனக்கே தெரியலீங்க. கௌசிகா சின்னப்புள்ளையில முதுகுல ஏத்திட்டுப் போனது எதுலங்க இருக்கு? அது போயிருச்சுன்னா?"

கௌசிகா எழுந்தாள். "வந்தா வாங்கப்பா. கணக்கு மட்டும் போடாதீங்க" என்றாள், நால்வரையும் பார்த்து, வெளியே போய்விட்டாள்.

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. சுவரிலிருந்த சார்ட்டைக் காட்டினேன். "அந்தக் கடைசி வரி தப்புங்கண்ணா. எனக்குப் பதில் தெரியல, அதனால எழுதினேன். யாரு மனசும் நோகப்படாதுன்னு எழுதினது. நாலுலயும் சொன்னா யாருக்கும் சொன்ன மாதிரி இல்லீங்க. உங்கள இப்படிப் பண்ணினது நான்தான்."

நால்வரும் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நால்வரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், "நீங்க நல்லதுக்குத்தானுங்க எழுதினீங்க" என்றார்கள். அப்போதும் என் மனசு நோகக்கூடாதாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே சார்பதிவாளர் அலுவலகம் போய்விட்டோம். மரத்தடியில் கௌசிகா அரக்குப் பட்டில் நின்றாள், ஆல்வின் ஒரு புது வேட்டியோடு போராடிக்கொண்டிருந்தான், அவன் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், இவள் பக்கம் நான் மட்டும். பத்தே காலுக்கு என் போன் அதிர்ந்தது. நீலத்தில் ஒரு வரி: வெள்ளியங்கிரி வெளியேறினார். என்னை அறியாமல் சிரித்தேன், மனுஷன் கடைசியில் செய்துவிட்டார். ஒரு நிமிஷம் கழித்து ஊதாவில், வெள்ளியங்கிரி வெளியேறினார். இன்னொரு நிமிஷத்தில் மஞ்சளில். பச்சைதான் மிச்சம், வடையைப் பங்கு போடுகிற வெள்ளியங்கிரி, அதுதான் வரட்டும், அதுதான் நல்லது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பச்சையிலும் அந்த வரி வந்தது.

நான்கும் போயிற்று. மூன்றிலிருந்து விலகச் சொன்னால் இந்த மனிதர் எதுக்கும் இருக்கட்டுமென்று நான்கிலிருந்தும் விலகியிருக்கிறார். நடராஜுக்காவது இன்னொன்று இருந்தது. ஏதோ ஒரு குழாயடியில், ஏதோ ஒரு பஸ் சீட்டில், கொஞ்ச நேரம் சூடாக இருக்கப்போகிற ஒரு இடத்தை நினைத்து எனக்கு அழுகை முட்டியது. சார்ட் போட்டு ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்றே நம்பினேன். கௌசிகா என் முகத்தைப் பார்த்து, "என்னங்க மேடம்?" என்றாள். ஒன்றுமில்லை, ஆபீஸ் தொல்லை என்றேன்.

அதன்பிறகு போன் நிற்கவேயில்லை. வெள்ளியங்கிரியே வெளியேறிவிட்டார் என்றதும் கம்பெனியில் என்னவோ அணை உடைந்த மாதிரி ஆகியிருக்கிறது. நடராஜ் வெளியேறினார், கேட் வாட்ச்மேன் வெளியேறினார், கேன்டீன் வெளியேறினார், பெயின்ட் ஷாப்பில் பதினாறு பேர் ஒரே மூச்சில் வெளியேறினார்கள், மூன்று வருஷமாக யாரும் அசையாத புதுமனை புகுவிழாக் குழுவிலிருந்து கருப்பசாமியே வெளியேறினார். கடைசியில் பெரியவர் வெளியேறினார் என்று வந்தது, அதைப் பார்த்ததும் நான் போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டேன்.

பதினொன்று ஆயிற்று. எழுத்தர் வெளியே வந்து பெயரைக் கூப்பிட்டார். கௌசிகா, "ஒரு அஞ்சு நிமிசம்" என்றாள். பதினொன்றே காலுக்கு மறுபடி கூப்பிட்டார், மறுபடி அஞ்சு நிமிசம் என்றாள். மூன்றாவது தடவை அவர், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள் அம்மா என்று சலித்துக்கொண்டபோது, அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தாள்.

மேசைமேல் புத்தகத்தை விரித்தார்கள், ஆல்வினின் நண்பன் கையெழுத்துப் போட்டான், நானும் போட்டேன். மூன்றாவது சாட்சி யார் என்று எழுத்தர் நிமிர்ந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வியர்த்த நெற்றி, பின்னால் சாரதாள் தலை நிறையப் பூவோடு மூச்சு வாங்கிக்கொண்டு. நான் முதலில் காலரைத்தான் பார்த்தேன். அதில் எந்த நூலும் இல்லை. பிறகு அவருக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். யாரும் வரவில்லை.

"நீங்க யாருங்க?" என்றார் எழுத்தர்.

"பொண்ணோட அப்பனுங்க. வண்டி பஞ்சராயிருச்சுங்க, மன்னிச்சுக்கோங்க."

பேனாவைக் கையில் எடுத்தார். அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது, சாதாரணப் போன் மணி. எடுத்துப் பார்த்தவர் முகம் வெளிறிற்று. சாரதாளுக்கும் கௌசிகாவுக்கும் யார் என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. எடுக்க வேண்டாம் என்று கௌசிகா தலையசைத்தாள். அவர் எடுத்தார்.

பொன்னுசாமி போனில் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும். "வெள்ளியங்கிரி, உன்ர ஆளு ஒருத்தன் ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் வண்டியத் தள்ளிட்டுப் போறதா ஒருத்தன் சொல்றான். எது அது? மத்த மூணும் எங்க இருக்குது? அவனுகள்ல ஒருத்தனை அனுப்பி அந்தக் கிறுக்கனைத் திருப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லு."

வெள்ளியங்கிரி கண்ணை மூடித் திறந்தார். அவர் உதடு, எதுக்கும் இருக்கட்டுமென்று ஏதோ ஒரு நல்ல வார்த்தையைத் தேடியதை நான் பார்த்தேன். அது கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"அனுப்பறதுக்கு ஆளில்லீங்க மச்சான்" என்றார். "இருக்கறதே ஒருத்தன்தானுங்க. அவன் எம்புள்ள கல்யாணத்துல நிக்கறான்."

பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்தார். குனிந்து, சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போடப்போனவரிடம் எழுத்தர் சிவப்பு ஆகாது என்று நீலப் பேனாவைக் கொடுத்தார். அவர் தன் பெயரை முழுதாக, எழுத்தெழுத்தாக, ஒரே ஒரு தடவை எழுதினார். கௌசிகா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள்.